பார்க்கும் தோட்டமும் பறிக்கும் தோட்டமும்

மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று எங்கள் சமயபுரத்துக்கு வந்திருப்பவர்கள், ஓர் ஊர் முழுவதும் பூவாக மணப்பதை அறிந்திருப்பார்கள். அன்று மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் தொடங்குகிறது. கூடையிலும் தட்டிலும் மக்கள் பூவைச் சுமந்து வருகிறார்கள். அன்றுமுதல் 28 நாட்கள், தன் மக்களின் நலத்துக்காக அம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம்.

பூ என்பது பறித்துக் கொடுப்பதற்கே உரியது என்று கருதும் இத்தகைய ஊரில் வளர்ந்தவன் நான். பூவைத் தொடாமல், கண்ணால் மட்டும் கண்டு மகிழ்வதற்கென்றே ஒரு தோட்டம் உண்டு என்பதை, மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றபோது உதகமண்டலத்திலேதான் முதன்முதலாகக் கண்டேன்.

அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவைப் பலர் பார்த்திருப்பீர்கள். தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் சுமார் 55 ஏக்கர் பரப்பில் அது படிப்படியாக ஏறிச் செல்கிறது. கத்தரித்த வேலிகள், விரித்த பாய் போன்ற புல்தரை, அளவெடுத்து வகுத்த பாத்திகள், ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கண்டு வியந்து நின்றோம். கணக்கு வாத்தியார் ஒருவர் மலர்களைக் கொண்டு வடிவியல் பாடம் நடத்தியது போல் எனக்குத் தோன்றியது.

இதன் வரலாறு சுவையானது. 1840களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, காய்கறிக்காக ஒரு தோட்டம் போட்டார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் தொழில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவர் 1848இல் இங்கு வந்தார். கீழே சதுப்பாகவும் மேலே அடர்ந்த காடாகவும் கிடந்த சரிவைத் திருத்தி, ஏறக்குறையப் பத்து ஆண்டுகளில் அதனைப் பூங்காவாக்கினார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொய்னா கிடைக்கும் சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்த்துப் பெருக்கியவரும் அவரே. ஆகவே, இன்று நாம் பார்த்து மகிழும் அத்தோட்டத்துக்கும் வித்து, பறித்து உண்ணும் தோட்டமே.

அளவெடுத்து அமைக்கும் இந்த முறை ஆங்கிலேயர் தாமாகவே கண்டதன்று. இத்தாலியிலும் பிரான்சிலும் வளர்ந்து, அவர்களுடைய நாட்டுப்புற மாளிகைகளுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரவுன் என்ற தோட்டக்கலைஞர் இந்த நேர்கோடுகளை அழித்துப் புல்வெளியும் ஏரியுமாக இயற்கையைப் போல அமைத்துக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் பாத்திகள் மறுபடியும் வந்துவிட்டன. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் இக்கலை சென்றது. வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில், மதில் சூழ்ந்த மேல் தோட்டமும் கீழ்த் தோட்டமும் இன்றும் பேணப்படுகின்றன. கீழ்த் தோட்டம் அடுக்களைக்கு உரியது. மேல் தோட்டத்தில் விருந்தினர் உலாவிக் கண்டு களிப்பதற்கென மலர்கள் இருந்தன. அவற்றின் நடுவே காய்கறிகளும் இருந்தன. அப்பண்ணையில் மண்ணைக் கொத்தி நீர் இறைத்தவர்களுள் மிகப் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்கள். தோட்டத்தின் அழகைச் சொல்லும்போது அவர்களையும் சொல்ல வேண்டும்.

உதகையிலிருந்து திரும்பிய நான், தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் அப்படியொரு தோட்டம் அமைக்க முனைந்தேன். வாயிலிலிருந்து நேரான பாதை வகுத்து, இருபுறமும் ஒத்த சதுரப் பாத்திகள் போட்டு, மருதாணி வேலி வைத்துக் கத்தரித்தேன். புல்தரை மட்டும் எங்கள் கத்திரி வெயிலுக்குப் பிழைக்கவில்லை. செவ்வந்தி நன்றாகப் பூத்தது. "பூக்களைப் பறிக்காதீர்" என்று ஒரு பலகையும் நாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அந்த ஆண்டு பூச்சொரிதலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கைப்பிடி செவ்வந்தியைப் பறித்துப் பையில் வைத்துக்கொண்டாள். செய்தி என்னிடம் வந்தது. மாலையில் பள்ளி கலையும் நேரத்தில், எல்லா வகுப்பும் பார்க்க அவளை நிற்கவைத்துப் பலகையை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். பிறகு மெல்லிய குரலில், "நான்தானே சார் தினமும் தண்ணீர் ஊற்றினேன்" என்றாள்.

என்னிடம் விடை இல்லை. ஆயினும் தலைமையாசிரியன் அல்லவா? "போய் வகுப்பு வரிசையில் நில்" என்று சொல்லி முடித்துவிட்டேன். பூச்சொரிதலை ஒட்டிப் பூவின் விலை ஏறும் என்பதும், கூலி வேலை செய்யும் வீட்டில் ஒரு தட்டுப் பூ வாங்குவது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அதன் பிறகு அவள் வாளியைத் தொடவில்லை. அவளுடைய பாத்திக்கு வேறொரு மாணவனை நியமித்தேன். செடி பிழைத்தது.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் அமைத்தார் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை கூறியிருக்கிறேன். நட்டவர், நீர் வார்த்தவர், பறித்தவர், தொடுத்தவர் எல்லாம் அவர் ஒருவரே. நான் வாயால் நடத்திய அந்தப் பாடத்தின் பொருளை எனக்கு விளக்கியவள் அச்சிறுமி.

பறிக்கக் கூடாது என்ற விதி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் வரும் உதகைப் பூங்காவில் ஆளுக்கொரு பூ பறித்தால் மறுநாள் காம்பு மட்டுமே மிஞ்சும். பொது இடத்துக்கு அவ்விதி வேண்டும். ஆனால் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, நீர் வார்த்த கையையே தடுக்கும்படி நாட்டியது என் பிழை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பள்ளியின் கீழ்ப்புறத்தில் அரளி, நந்தியாவட்டை, மல்லிகை, செவ்வந்தி ஆகியவற்றை வைத்தோம். அங்கே பலகை இல்லை. நீர் ஊற்றும் பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் பறித்துக்கொள்ளலாம். கோயிலுக்கோ, தர்காவுக்கோ, மாதா கோயிலுக்கோ, தங்கையின் தலைக்கோ கொண்டுபோகலாம். முன்புறத் தோட்டமும் அப்படியே இருந்தது. அதற்கு நீர் ஊற்ற ஆள் தேட வேண்டிய நிலை பிறகு ஏற்படவில்லை.

அதற்குள் அந்தச் சிறுமி மேல்வகுப்புக்கு வேறு பள்ளி சென்றுவிட்டாள். கீழ்ப்புறத் தோட்டத்தை அவள் பார்க்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவும் இல்லை. தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பலகை நாட்டுவதற்குமுன் வாளி தூக்கும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துக் கேளுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.