ஒரு வீடு, ஒரு செல்போன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2020 மார்ச் 25-ல் நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. பெங்களூர், திருப்பூர் என்று பிழைக்கப் போன நம்ம தருமபுரி ஜனங்க மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தாங்க. பாலக்கோடு பக்கம் தக்காளி பறித்த கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. கையில் காசு இல்லாத அந்த நேரத்தில்தான் கல்லூரிப் பாடம் செல்போனுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். மகனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. "அண்ணன் பார்க்கட்டும்ப்பா, நான் நோட்டு வாங்கி எழுதிக்கறேன்" என்றாள் மகள். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கிய நான்! இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

டிசம்பர் 7-ல் இறுதியாண்டு வகுப்புகள் திறந்தன. என் மகள் போனாள். அவளுடைய தோழிகள் இரண்டு பேர் வரவேயில்லை. கல்யாணம் ஆகிவிட்டதாம்.

நண்பர்களே, அப்படி விட்டுப்போன பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். தேடிப் பிடியுங்கள். அஞ்சல் வழியிலாவது படித்து முடிக்கட்டும். கட்டணத்தை நம் சங்கம் ஏற்கட்டும். முதல் தொகை என்னுடையது.