எஞ்சின் பெரிதா, அமைப்புப் பெரிதா?

கல்கத்தாவில் வாழும் நம்மவர் அம்பாசடர் வாடகை வண்டியை நன்கறிவர். அவ்வண்டியைப் பல்லாண்டுகள் இழுத்த எஞ்சினின் கொள்ளளவு 1,489 கன சென்டிமீட்டர். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் அது சலியாமல் சுமந்தது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. காரின் எஞ்சினோ 389 கன அங்குலம். அதாவது ஏறத்தாழ 6,400 கன சென்டிமீட்டர். ஆனால் ஆள் அமரும் இடம் என்னவோ நான்கு மடங்கு இல்லை!

'மஸில் கார்' எனப் பெயர் பெற்ற இத்தகைய வண்டிகளைக் குறித்து அமெரிக்கர் இன்றும் ஓயாது வாதிடுகின்றனர். வலிமைக்குக் காரணம் எஞ்சினின் பருமனா, அமைப்பா என்பதே வாதம்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் உணவன்று. ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடையில் ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஆதலின் மிகுதியாக மூச்சிழுக்கும் எஞ்சினே மிகுதியான வலிமை பெறும். அதற்குச் சிலிண்டர்களைப் பெரிதாக்கலாம். அன்றி, சிறிய சிலிண்டர்களையே விரைந்தும் நிறைந்தும் மூச்சுவிடச் செய்யலாம்.

ஜி.டி.ஓ. முதல் வழியிற் சென்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென ஜெனரல் மோட்டார்ஸ் விதித்திருந்தது. பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் குழுவினரும், தங்கள் டெம்பெஸ்ட் காருக்கு விரும்பியோர் பெறும் கூடுதல் சாதனமாகப் பெரிய எஞ்சினை விற்று, அவ்விதியைச் சுற்றிக்கொண்டு போயினர். முதலாண்டிலேயே 32,000க்கு மேல் விற்பனையாயிற்று. பிறகு விதியை யார் நினைப்பார்? ஆனால் ஓடும் வலிமையைக் கூட்டியவர்கள் நிற்கும் வலிமையை அந்த அளவுக்குக் கூட்டவில்லை. அந்த ஆண்டு வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிஸ்க் பிரேக்கைப் பணம் கொடுத்தும் பெற இயலாது. இளைஞர் கையில் இத்தகைய வண்டியை ஒப்படைத்ததை நாம் பாராட்டுவதற்கில்லை.

கிரைஸ்லரின் 'ஹெமி' பருமனையும் அமைப்பையும் ஒருங்கே நாடியது. அதன் 426 கன அங்குல எஞ்சினில் எரியறைகள் அரைக்கோள வடிவின. வால்வுகள் எதிரெதிரே சாய்ந்து நிற்பதால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது. காற்றும் தடையின்றி ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. 1964இல் டேட்டோனா 500 பந்தயத்தில் ரிச்சர்டு பெட்டி இவ்வெஞ்சினைக் கொண்டே வென்றார். ஆயினும் இது அகலமானது, கனமானது, விலை மிக்கது. முன்பாரம் ஏறிய வண்டி நேர்வழியில் பாயும். வளைவில் முரண்டு பிடிக்கும்.

நம் உள்ளத்தைக் கவர்வது 1967இல் வந்த செவர்லே கமாரோ இசட்-28. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் இடமில்லை. எனவே 327 கன அங்குல எஞ்சினின் உடலில், 283 எஞ்சினின் கிராங்க் தண்டைப் பொருத்தி, 302 கன அங்குலம் ஆக்கினர். சிலிண்டரின் விட்டம் நான்கு அங்குலம். பிஸ்டன் நகரும் தொலைவு மூன்றே அங்குலம். பயணம் குறுகியதால் பிஸ்டன் மிக விரைந்து இயங்க முடிந்தது. நகர நெரிசலில் மெல்லச் செல்லும்போது மட்டும் இதற்கு இழுவை போதாது. அங்கே பெரிய எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் நகரும். அதன் அன்பர்கள் கூறுவதில் நியாயம் உண்டு.

அவர்கள் காட்டும் குதிரைத்திறன் எண்களை மட்டும் அப்படியே கொள்ளலாகாது. 1970இன் செவர்லே 454 எஞ்சின் 450 குதிரைத்திறன் என விளம்பரம் பெற்றது. அந்நாளில் சைலன்சர் முதலிய துணைக் கருவிகள் இன்றி, எஞ்சினைத் தனியே மேடையில் ஓட்டி அளந்தனர். வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் வழக்கம் 1972இல் பரவியதும் எண்கள் சரிந்தன. புகைக் கட்டுப்பாடும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் பருமனின் ஆட்சியை முடித்தன.

2011 மாதிரி ஃபோர்டு மஸ்டாங்கின் ஐந்து லிட்டர் எஞ்சின், நான்கு காம் தண்டுகளும் 32 வால்வுகளும் கொண்டு 412 குதிரைத்திறன் தந்தது. அதுவும் புதிய அளவையில். அமைப்பே வென்றது எனலாமா? செவர்லே 1997இல் கொணர்ந்த எல்.எஸ். எஞ்சினோ, பழைய முறைப்படி ஒரே காம் தண்டை எஞ்சின் உடலுக்குள்ளேயே வைத்திருந்தது. அதனால் எஞ்சினின் உயரமும் அகலமும் குறைந்தன. கொள்ளளவைக் கூட்டவும் இடம் கிடைத்தது. பருமனின் கட்சியார் இப்போது இதைத்தான் எடுத்துக் காட்டுகின்றனர்.