எந்த ஷிஃப்ட்டு?

ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், கடல் கடந்தும், இன்றைக்கு இந்த ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து சேர்ந்திருக்கும் என் கோலார் தங்கவயல் சொந்தங்களே!

நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில், இந்த ஊரில் இரண்டு பையன்கள் புதிதாகச் சந்தித்தால் முதலில் என்ன கேட்டுக்கொள்வார்கள்? பெயரைக் கேட்க மாட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் கேட்க மாட்டார்கள். "உங்கப்பா எந்த ஷிஃப்ட்டு?" என்றுதான் கேட்பார்கள். முன்வரிசையில் பல தலைகள் ஆடுகின்றன. உங்களுக்கு மறக்கவில்லை. எனக்கும் மறக்கவில்லை.

என் அப்பா மைசூர் மைனில், எட்கர் ஷாஃப்ட்டில் வேலை செய்தார். எங்கள் தொழிலாளர் லைனில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இரவெல்லாம் பாறையோடு போராடிவிட்டு வந்த மனிதர் பகலில்தான் கண்ணயர வேண்டும். அதனால் கோலி ஆடக் கிளம்பும்போதே எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடும். "மூணாவது வீட்டு மாமா நைட்டு ஷிஃப்ட்டு, அங்கே போகாதே. கடைசி வீட்டு மாமா காலையிலேயே போயிட்டார், அங்கே ஆடலாம்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபது வீட்டு ஷிஃப்ட்டும் மனப்பாடம். ஷிஃப்ட்டு மாறினால் கணக்கும் மாறும். என் அம்மா மாவு ஆட்டுவதைக்கூடப் பக்கத்து வீட்டு மாமா எழுந்த பிறகுதான் வைத்துக்கொள்வார். யாரும் வந்து கேட்டுக்கொண்டதில்லை. அது எங்கள் லைனின் சட்டம்.

அந்தக் கணக்கு தூக்கத்துக்காக மட்டும் இருந்ததில்லை. "பர்ஸ்ட்" என்று சொன்னால் இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். சாம்பியன் ரீப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில், தோண்டித் தோண்டி வெறுமையான இடத்தில், மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் பாறை வெடிக்கும். கீழே வெடித்தால் மேலே லைனில் தரை ஆடும். பரணில் அடுக்கிய பாத்திரம் கலகலக்கும். அந்த நொடியில் எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அழுகை பிறகுதான் வரும். முதலில் வருவது ஒரே கேள்வி: "எந்த ஷாஃப்ட்டு? கீழே யார் யாரு?"

ஒரு நாள் என் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தரை ஆடியது. கையில் முறத்தோடு அப்படியே ஷாஃப்ட்டை நோக்கி ஓடினார். வழியெல்லாம் அரிசி சிந்தியது. நான் பின்னாலேயே ஓடினேன். அன்றைக்கு என் அப்பா வீட்டில்தான் இருந்தார். இரவு ஷிஃப்ட்டு முடித்துப் படுத்திருந்தார். அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நான்காம் வீட்டுக்காரர் கீழே இருக்கிறார் என்பதும் தெரியும். அதனால்தான் ஓடினார். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் அங்கே நின்ற பெண்கள் தலையை எண்ணினார்கள். தன் வீட்டுத் தலை, அடுத்த வீட்டுத் தலை என்று பிரித்து எண்ணவில்லை. நான்காம் வீட்டு மாமா முகமெல்லாம் புழுதியாக இறங்கி வந்தபோது, அவர் மனைவிக்கு முன்னால் என் அம்மாதான் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வீட்டுச் சேதியைத் தெரிந்துவைத்துக்கொள்வதை மற்ற ஊர்களில் வம்பு என்பார்கள். தங்கவயலில் அது உயிரைக் காக்கும் காரியம். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இதுதான். நம் ஊரின் உறவு விசாரிப்பில் வளர்ந்த உறவு. விசாரிப்பு நின்றால் உறவும் நின்றுவிடும்.

இது நம் தலைமுறையில் தொடங்கியதல்ல. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலை தொடங்கிய பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் நம் பாட்டன்மார் வந்து குவிந்தார்கள். பலருக்குச் சொந்த ஊரில் ஒரு காணி நிலம் கிடையாது; தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையும் கிடையாது. இங்கே வந்து தட்டி வீட்டில் குடியேறினார்கள். சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் 1902-லேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது. பெங்களூருக்கே அதன் பிறகுதான் போனது. ஆனால் அது முதலில் கிடைத்தது இயந்திரத்துக்கும் பங்களாவுக்கும். லைன் வீட்டில் நெடுங்காலம் சிம்னி விளக்குதான். அந்தச் சிம்னி விளக்கடியில் நம் பாட்டன்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? பத்திரிகை படித்தார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' வாரப் பத்திரிகைக்கு இந்தத் தங்கவயல் ஒரு தாய்வீடு. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் அவருடைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. இங்கே நடந்த கூட்டங்களும் காரியங்களும் கடிதமாக அதில் அச்சேறின. ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பிழைக்கப் போன நம் சனங்களின் சேதியும் அதே பத்திரிகை வழியாக வந்தது. பண்டிதர் காலத்துக்குப் பிறகு, அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அந்தப் பத்திரிகை தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பாறை உடைக்கும் தொழிலாளி, கடலுக்கு அப்பாலிருக்கும் தன் சனம் எப்படி இருக்கிறது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்துக்கொண்டிருந்தான். நம் கையில் இன்றைக்குக் கைப்பேசி இருக்கிறது. அவன் கையில் ஒரு தாள்தான் இருந்தது.

1930-இல் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது இங்கே தொழிற்சங்கம் வேரூன்றியிருக்கவில்லை. லைனுக்கு லைன், வாய்க்கு வாய் போன சேதிதான் அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது. 1946 நவம்பர் 4-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்களைப் பலிகொடுத்தோம். அந்த ஆறு பேரையும் இந்த ஊர் ஆண்டுதோறும் நினைக்கிறது. மறக்காமலிருப்பது நமக்குப் பழக்கமான வேலைதான், சொந்தங்களே. அதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பிறகு 2001 பிப்ரவரி 28 வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கத்தைக் கொடுத்த சுரங்கத்தை மூடினார்கள். ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதுவது நின்றது. வேலை போனது, சம்பளம் போனது என்றெல்லாம் எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டோம். அவற்றோடு இன்னொன்றும் போனது. ஷிஃப்ட்டு போனது. யார் எப்போது வீட்டில் இருப்பார், யார் எங்கே இருக்கிறார் என்று ஊர் முழுவதும் பொதுவாக வைத்திருந்த கணக்கு போனது. அன்றுவரை ஒரே சங்குக்கு எழுந்தவர்கள், அன்று முதல் ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து ஆளுக்கொரு திசையில் போனோம்.

ஆனாலும் அந்தப் பழக்கம் அடியோடு சாகவில்லை. அதை நான் கண்ணால் பார்க்கிற இடம் நம் ரயில். பொழுது விடியும் முன்பு மாரிகுப்பத்தில் கிளம்பி, சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று நின்று, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறதே, அந்தப் பெட்டிக்குள் வந்து பாருங்கள். வீட்டுவேலை, ஐ.டி. கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறவர்கள் முதல் கணினிமுன் உட்காருகிறவர்கள் வரை எல்லோரும் இருப்பார்கள். உரிகாமில் ஏறும் அக்காவுக்கு மாரிகுப்பத்தில் ஏறிய தங்கை இடம் போட்டு வைத்திருப்பாள். ஒருத்தி பூ கட்டிக்கொண்டே வருவாள். நிச்சயதார்த்தச் சேதி, பிரசவச் சேதி, சீட்டுப் பணம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் என எல்லாம் அந்தப் பெட்டியில் நடக்கும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் போன் போகும்: "என்னக்கா, ஆளையே காணோம்?" ஷாஃப்ட்டு வாசலில் நின்று தலையை எண்ணிய பெண்களின் பேத்திகள் இவர்கள். எண்ணும் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது.

ஆனால், அந்த ரயிலில் ஏறாதவர்கள் நாம். தூரம் போய்விட்டவர்கள் நாம். என் குறையை நானே இந்த மேடையில் சொல்கிறேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பன். சின்ன வயதில் அவன் வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கே இல்லை. அவன் அப்பா சுரங்கத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போய், வாசல் திண்ணையில் மூச்சுக்குப் போராடி உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் இறந்த சேதி எனக்குப் பதினொரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பங்காருபேட்டை ஸ்டேஷனில் தற்செயலாக அவனைப் பார்த்தேன். "அப்பா எப்படிடா இருக்கார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீ வருவேன்னு எடுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் லேட் பண்ணோம்டா" என்றான்.

அவனிடம் என் பழைய நம்பர்தான் இருந்திருக்கிறது. நம்பரை மாற்றியவன் நான். சொல்லாமல் விட்டவன் நான். எனக்காகக் காத்திருந்தது அந்தப் பெரியவரின் உடல். பழைய நினைவைப் பேசிச் சிரிப்பது மட்டும் நட்பாகிவிடாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நினைவு அடித்தளம், அதன்மேல் இன்றைய சேதி என்ற சுவரை எழுப்பினால்தான் அது வீடு.

இங்கே நம் பாட்டன்மாருக்குப் போர்மேனாக இருந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள். அவர்களும் பிழைப்புக்காக உலகமெங்கும் சிதறியவர்கள்தான். தென் ஆஸ்திரேலியாவில் மூன்டா என்ற செம்புச் சுரங்க ஊரில் அவர்களில் பலர் குடியேறினார்கள். அந்தச் சுரங்கம் 1923-இல் மூடப்பட்டது. அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1973-இல், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு திருவிழாவைத் தொடங்கினார்கள். இன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கூடுகிறார்கள். பாட்டி செய்த பலகாரத்தையே சுடுகிறார்கள், பழைய பாட்டையே பாடுகிறார்கள். சுரங்கம் மூடி ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அவர்களால் தொடங்க முடிந்தது. நம் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்னும் நம்மோடு உயிரோடு இருக்கும்போதே நம்மால் முடியாதா?

இப்போது 'கே.ஜி.எஃப்' என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சினிமாதான் ஞாபகம் வருகிறது. என் பேரனே கேட்கிறான்: "தாத்தா, உங்க ஊர் அந்தப் படத்துல வர்ற மாதிரியா?" அவன்மேல் தப்பில்லை. நான் அவனுக்குச் சொல்லவில்லை. சுரங்கக் கழிவு கொட்டிய சைனைடு மேட்டின்மேல் ஏறி நாங்கள் பட்டம் விட்டதைச் சொல்லவில்லை. அவன் கொள்ளுப்பாட்டி முறத்தோடு ஓடியதைச் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, மாதத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு வீட்டை விசாரியுங்கள். பண்டிகை வாழ்த்துப் படம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். குரல் கொடுத்துக் கேளுங்கள்: அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா, பையனுக்கு வேலை கிடைத்ததா, அண்ணி ஊருக்கு வந்துவிட்டாரா? இரண்டாவது, வீட்டில் பெரியவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வையுங்கள்: எந்த லைன், எந்த ஷாஃப்ட்டு, என்ன வேலை, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள். மூன்றாவது, நல்ல சேதியைத் தாமதமாகச் சொன்னாலும் பரவாயில்லை. நோய்ச் சேதியையும் சாவுச் சேதியையும் அன்றைக்கே சொல்லுங்கள். தோள் கொடுக்க ஒருவன் வரும் பாக்கியத்தை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

இன்று காலை, கூட்டத்துக்கு வரும் முன்பு எங்கள் பழைய லைனுக்குப் போனேன். முக்கால்வாசி வீடுகள் பூட்டியிருந்தன. நான்காம் வீடு திறந்திருந்தது. அந்த அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. "யாருப்பா?" என்றார். என் பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன், எட்கர் ஷாஃப்ட்டு என்றேன். அத்தையின் முகம் மலர்ந்தது. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நைட்டு ஷிஃப்ட்டா? தூங்குறாரா?"

அப்பா போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தூக்கம் கலையக் கூடாது என்று அந்த அத்தை இன்னமும் மெதுவாகப் பேசுகிறார். என் தாயும் தகப்பனும் இந்த ஊரில் வாழ்ந்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில், மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர், லைன், ஷாஃப்ட்டு, உங்கள் இன்றைய நம்பர் ஆகியவற்றை எழுதிவிட்டு இலையில் உட்காருங்கள். உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரரை விசாரியுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், நமக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது: "உங்கப்பா எந்த ஷிஃப்ட்டு?"