மஞ்சும் புகையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இந்து வாலிபர் மேடையில் பௌத்த தருக்கம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். அத்தருக்கம் நமது செந்தமிழிலேயே இருக்கின்றது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி மாநகரிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு அதனை உபதேசிக்கின்றார். ஏட்டுச்சுவடியிற் கிடந்த அந்நூலை 1898ஆம் ஆண்டு பதிப்பித்து உதவியவர் சைவராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அதன்பொருட்டு அவர் மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்த சமயச் செய்திகளைக் கேட்டறிந்தார். அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பௌத்தர் கொள்கையை முன்னர் எடுத்துக்கூறிப் பின்னரே மறுக்கின்றார். பிறர் கொள்கையை முதலில் அறிதலே நம் முன்னோர் வழக்கம்.

அடிகள் கூறும் அளவைகள் இரண்டே: காட்சி, அனுமானம். பெயர், சாதி, குணம், தொழில் என்பன காட்சியைச் சேர்ந்தன அல்ல. அவை அனுமானத்தின்பாற் படுவன. மனிதன் என்பவனும் உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டமே என்பது பௌத்தர் கொள்கை. ஆன்மா உண்டென்னும் நாம் இதனை ஒப்புவதில்லை. ஆயினும், கண்டது எது, நம் மனம் ஏற்றியது எது எனப் பிரித்தறிய அவர்கள் ஆராய்ச்சி நமக்கும் உதவும்.

அனுமானத்துக்கு உறுப்புக்கள் பக்கம், ஏது, திட்டாந்தம். ‘இம்மலை நெருப்புடையது’ என்பது பக்கம். ‘புகை உடைமையால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம். இவற்றில் நேரும் குற்றங்களைப் போலி என்பர். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. அவற்றுள் ஒன்று: ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே அதனைப் புகையெனக் கொண்டு, நெருப்பு உண்டெனத் துணிவது. காலைதோறும் மலைமேல் மஞ்சு மூடக் காணும் றக்வானை மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். எங்கள் லயத்தில் ஒரு சைக்கிள் காணாமற் போயிற்று. அன்று மாலை கிராமத்துச் சிங்களப் பையன் ஒருவன் அப்பக்கம் வந்துபோனதைக் கண்டிருந்தேன். “அவன்தான் எடுத்தான்” என்று பலர் முன்னிலையிற் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள், சொந்தக்காரரின் மைத்துனரே அதனைக் கொண்டுபோனது தெரிந்தது. நான் கண்டது ஒருவன் வந்துபோனதை மட்டுமே. ‘கள்ளன்’ என்பது என் மனம் ஏற்றிய பெயர். வந்துபோதல் எடுத்தவனுக்கும் உண்டு, எடாதவனுக்கும் உண்டு. இருபக்கமும் செல்லும் இத்தகைய ஏதுவை அநைகாந்திகம் என்பர். பையன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். தகப்பனார் தேநீர் தந்தார். பையன் வெளியே வரவில்லை.

இது சிறு சங்கதி அன்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நம்மவர் பட்ட துன்பத்தைப் பெரியோர் மறந்திலர். ‘இந்தச் சாதியார் எல்லாரும் இப்படித்தான்’ என்ற சொல் அன்று எங்ஙனம் நம்மைச் சுட்டது! அதே சொல்லை நாம் பிறர்மேல் வீசலாமா?

ஆகவே, வாலிபர்களே, வாரம் ஒரு மாலை கூடி அந்தக் காதையைப் படியுங்கள். வாதம் செய்யுங்கள். ஆனால், எதிர்ப்பக்கத்தார் “ஆம், நான் கூறியது இதுவே” என்று ஒப்பும்படி அவர் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே மறுப்புரை தொடங்குங்கள். வதந்தி ஒன்று காதில் விழுந்தால், இது மஞ்சோ புகையோ என்று ஒருமுறை கேளுங்கள்.