சிவப்பெல்லாம் கெம்பா?



கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். அன்று பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்தது அந்தக் கல்தான். இன்று பாட்டியின் தோட்டைத் தெற்கு ஆவணி மூல வீதிக்குக் கொண்டு போகிறவருக்கும் கல்லைப் பற்றித்தான் கேள்வி: "இது கெம்பா, கார்னெட்டா?"

மதுரையைச் சுற்றியுள்ள நைஸ் பாறைகளில் சிவப்புக் கார்னெட் சாதாரணம். நிறத்தை நம்பாதீங்க. எடையும் காட்டிக் கொடுக்காது. கெம்பின் அடர்த்தி 4.0, சிவப்புக் கார்னெட்டுக்குச் சுமார் 3.7 முதல் 4.3 வரை. உரசிப் பார்ப்பதும் வேண்டாம். கெம்பின் கடினம் 9தான், ஆனால் கல் பாட்டியுடையதாச்சே!

நல்ல வழி டைக்ரோஸ்கோப் என்கிற சின்னக் குழாய். அதில் ஒரே கல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டமாகத் தெரியும். கெம்பானால் ஒன்றில் ஊதா கலந்த சிவப்பு, மற்றதில் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கார்னெட், ஸ்பினெல், கண்ணாடி மூன்றுக்கும் இரண்டு கட்டமும் ஒரே நிறம். கெம்பும் ஒரு திசையில் மட்டும் அப்படியே ஏமாற்றும். ஆகவே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும். பின்பக்கம் மூடிய தோடானால் ஒளி ஊடுருவாது, கல்லைக் கழற்றத்தான் வேண்டும்.

இதிலும் தேறிவிடுகிற ஒன்று உண்டு: செயற்கைக் கெம்பு. பிரான்ஸின் வெர்னுய் 1902-ல் அறிவித்த முறையில் செய்வது. அதுவும் அதே அலுமினியம் ஆக்சைடு. மைக்ராஸ்கோப்பில் அதன் வளர்ச்சிக் கோடுகள் வளைந்திருக்கும், இயற்கைக் கல்லில் நேராக இருக்கும். அதனால் பாட்டி காலத்துத் தோடு என்பது மட்டும் சாட்சியாகாது.