இணைய உலகில் மயான காண்டம்



நூற்றாண்டுக்கு ஒரு நாடகம் தாருங்கள் என்று சங்கம் கேட்டதும் எங்கள் வகுப்பு ஒரே பெயரைத்தான் சொன்னது: அரிச்சந்திர மயான காண்டம். 1995இல் பரிசளிப்பு விழாவுக்கென்று நாங்கள் பழகிய நாடகம் அது. அந்த ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தது. நாடகம் மேடை ஏறவில்லை. இன்று எங்கள் சந்திரமதி ரொறன்ரோவில், லோகிதாசன் சிட்னியில், வீரவாகு லண்டனில். அரிச்சந்திரன் மட்டும் புத்தூரில். ஆகவே கணினிக்குள் ஒரு சுடலை அமைத்து, அவரவர் இருந்த இடத்திலிருந்தே தத்தம் உருவங்களை இயக்கி நடிப்பதென்று தீர்மானித்தோம்.

இது புதிய பைத்தியம் அல்ல. 2021 ஜனவரியில், இங்கிலாந்தில் அரங்குகள் பூட்டிக் கிடந்தபோது, சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் என்ற இரு நடிகர்கள் ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ என்ற துப்பாக்கி விளையாட்டின் இணைய நகரத்துக்குள் ஹம்லெற்றை அரங்கேற்றப் புறப்பட்டார்கள். வசனம் பேசும்போதே முன்பின் தெரியாத விளையாட்டுக்காரர் வந்து சுட்டுவிடுவார்; மறுபடி எழும்பிப் பேசுவார்கள். 2024இல் விவரணப்படமாக வந்தது. பாருங்கள், சிரிப்பீர்கள்.

நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் இதை நாடகம் என்று ஒப்புவார்களா? மேடை மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இரவு முழுவதும் ஆடிய கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். வட்டக்களரி போயிற்று, கூத்து பிழைத்தது.

எங்கள் சிக்கல் வேறு. ஹம்லெற் பேச்சு நாடகம். ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்குவார். அரைச் செக்கன் பிந்தினாலும் யோசிக்கிறார் என்று சபை எண்ணிக்கொள்ளும். எங்களுடையது பாட்டு. சேர்ந்து இசைப்பவர்களுக்கிடையில் ஏறத்தாழ 30 மில்லி செக்கனுக்கு மேல் தாமதம் வந்தால் தாளம் இழுபடும். புத்தூருக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஒரு வழிக்கே 65 மில்லி செக்கன். எவ்வளவு காசு கொடுத்தாலும் இது குறையாது. எங்களில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும்: காணொளியில் நோயாளியின் நாக்கைப் பார்க்கலாம், வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது.

பல இரவுகள் மண்டையை உடைத்தபிறகுதான், விடை நாடகத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. விருத்தத்துக்குத் தாளம் இல்லை. பாடுகிறவர் இழுத்த இழுப்புக்கு ஆர்மோனியம் பின்னால் வரும். சற்றுப் பிந்தி வந்தாலும் குற்றமில்லை. பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சந்திரமதி புலம்புவதை விருத்தமாகவே வைத்துக்கொண்டால் அது ரொறன்ரோவிலிருந்தே வரலாம். வசனமும் அப்படியே. தாளத்தோடு வரும் பாட்டுகளை மட்டும், ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் பக்கத்தில் வைத்து, பாடசாலை மண்டபத்தில் இன்றைய மாணவிகள் பாடட்டும். எங்கள் குரலைவிட அது நன்றாகவும் இருக்கும்.

இன்னொன்று. சந்திரமதியின் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது கதை. மேடையில் சபை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு, பார்க்காததுபோல் இருக்கும். கணினியில் அதை உண்மையாகவே அரிச்சந்திரனின் திரையில் மட்டும் காட்டலாம். மையால் மீசை கீறவும் தேவையில்லை. அன்று அதைக் கழுவப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில், புத்தூர் நேரம் இரவு ஏழரைக்கு. இந்த மாரியில் ரொறன்ரோவில் அப்போது காலை ஒன்பது, லண்டனில் பிற்பகல் இரண்டு. சிட்னியில் நடுச்சாமம் தாண்டி ஒரு மணி. லோகிதாசன் முறைப்பட வேண்டாம். கூத்துக்கு அதுதான் சரியான நேரம்.