பூட்டை உடைப்பதா, புதுப்பிப்பதா?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றித்தான் பேசுவோம். இன்று செல்போனைப் பற்றிப் பேசப்போகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

போன கல்வியாண்டில் ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்திற்காக நாம் பணம் அனுப்பினோம். அது அவளுடைய அண்ணனின் கணக்கில் ஏறியும் விட்டது. கட்டணம் கட்டக் கடைசி நாள் மாலை. அண்ணன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. பெங்களூருக்குப் போய் செகண்ட் ஹேண்டில் ஒரு ஐபோன் வாங்கியிருந்தார். அதில் வங்கிச் செயலியைத் திறந்தால், இந்தப் போன் பாதுகாப்பானது இல்லை என்று அறிவித்துவிட்டு மூடிக்கொள்கிறது. விசாரித்தால், 'காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப் எல்லாம் இதில் ஃப்ரீ' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஜெயில்பிரேக் செய்த போன் அது. கணக்கில் பணம் இருக்கிறது, கட்ட வழியில்லை. எங்களில் ஒருவர் தம் கையிலிருந்து கட்டினார். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளையின் படிப்பு தடைபடவில்லை.

அன்று இரவு அலுவலகத்தில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். 'காசு கொடுத்து வாங்கிய பொருள், அவன் இஷ்டம்' என்றார் ஒருவர். 'கம்பெனி போட்ட பூட்டை உடைப்பது துரோகம்' என்றார் இன்னொருவர். இரண்டையும் நிதானமாக எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில், ஜெயில்பிரேக் என்றால் என்ன? ஐபோனில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையை எட்டிப்பார்க்க முடியாது. ஆப்பிள் முத்திரை இல்லாத செயலி உள்ளே வரவும் முடியாது. மென்பொருளில் உள்ள ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி இந்தக் காவலை அகற்றுவதுதான் ஜெயில்பிரேக். ஆண்ட்ராய்டில் இதைப் போன்றதை ரூட் செய்வது என்பார்கள்.

இதைச் செய்தவர்கள் எல்லாம் திருடர்கள் இல்லை. 2007-ல் ஐபோன் வந்தபோது வெளியார் செயலி எதையும் அதில் போட முடியாது. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் வந்தது. ஓரிடத்தில் உள்ள எழுத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் வசதிகூட 2009-ல்தான் வந்தது. அதற்கு முன் வேண்டியவர்கள் பூட்டை உடைத்துத்தான் வசதி தேடினார்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவில், முறையான செயலிகளைப் போடுவதற்காக ஜெயில்பிரேக் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று விலக்கே கொடுத்தார்கள். நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது.

ஆகவே நோக்கம் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. விலை வைத்து விற்கும் செயலியை இலவசமாக எடுப்பதற்கென்றால், அது பிறர் உழைப்பைக் கூலி கொடுக்காமல் அனுபவிப்பது. நாங்கள் ஃபத்வா கொடுக்கும் ஆட்கள் அல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் கூலித் தொழிலாளிகள் நிறைந்த இந்த ஊரில், உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓசூர் பக்கத்து ஆலையில் ஐபோனின் வெளிக்கூடு உருவாகிறது. எல்லை தாண்டினால் கோலார் மாவட்டம் நரசாபுராவில் போனே உருவாகிறது. கம்பெனி பஸ் ஏறிப் போகும் நம் பெண்பிள்ளைகளைக் கேட்டால் அந்த உழைப்பு என்னவென்று சொல்வார்கள்.

அடுத்தது ஆபத்து. 2009 நவம்பரில், ஜெயில்பிரேக் செய்து கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட போன்களில் ஒரு புழு நிரல் பரவியது. முதலில் வந்தது திரையின் பின்னணிப் படத்தை மாற்றி விளையாட்டுக் காட்டியது. அதே மாதம் வந்த இன்னொன்று நெதர்லாந்தில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. 2015-ல் ஜெயில்பிரேக் செய்த போன்களிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரம் திருடு போனது. அறைக்கதவுகளைக் கழற்றிய வீட்டில் ஒரு திருடன் நுழைந்தால் எல்லா அறையும் அவனுடையதுதான்.

சரி, அப்டேட் மட்டும் குறையில்லாததா? அதுவும் இல்லை. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. போன் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்தோம் என்றது. வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் செய்ததற்காக 2020-ல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது. அப்டேட் போட்டபின் பழைய பதிப்புக்குத் திரும்புவதும் பெரும்பாலும் முடியாது. 'அப்டேட் போட்டால் போன் ஸ்லோ ஆகிடும்' என்று நம் தாய்மார்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது? அப்டேட்டில் வருவது புது அலங்காரம் மட்டுமல்ல, கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான அடைப்பும் அதில்தான் வருகிறது. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஜெயில்பிரேக் செய்தவர் அப்டேட் போட்டால் ஜெயில்பிரேக் போய்விடும். அதனால் அவர் அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறார். ஓட்டை அப்படியே திறந்து கிடக்கிறது. வேகம் குறைந்தால் பேட்டரியை மாற்றிச் சரிசெய்யலாம். கணக்கிலிருந்து போன பணம் திரும்பி வருவது அவ்வளவு எளிதல்ல.

இன்னொன்று. நம் வீடுகளில் போன் ஒருவருடையது மட்டும் இல்லை. மகனின் சம்பளம், அத்தாவின் பென்ஷன், தங்கையின் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த ஒரே போனில்தான் வருகிறது. அது வீட்டாரின் அமானிதம். தனக்கு மட்டும் நஷ்டம் என்றால் துணியலாம். பிறர் அமானிதத்தை வைத்துத் துணிவது சரியல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று படித்தவர்கள் நாம்.

ஆகவே சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். பழைய போன் வாங்குமுன் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். சிடியா, சைலியோ என்ற செயலிகள் இருந்தால் அது ஜெயில்பிரேக் செய்த போன். செய்த போன் கையில் இருந்தால், படங்களையும் எண்களையும் பத்திரப்படுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் இணைத்து ரீஸ்டோர் செய்யுங்கள். அப்டேட் போடுமுன் சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்து, இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று வாட்ஸ்அப், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், இரண்டையும் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள்.

ஞாயிறுதோறும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் அலுவலகத்தில் கல்லூரித் தம்பிகள் இருப்பார்கள். போனைக் கொண்டு வாருங்கள், காசு வாங்கமாட்டார்கள். அந்த மாணவியின் அண்ணன்தான் முதல் ஆளாக வந்தார். இப்போது அவருடைய போனில் இலவச ஆப் ஒன்றும் இல்லை. வங்கிச் செயலி திறக்கிறது. இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கெடுவுக்கு முன்பே அவரே கட்டிவிட்டார்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பின் பொருளையும் நம்மிடமுள்ள அமானிதங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.